நூலகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

கடையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சியின் கிராம சபைக்கு, பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் அக்கா மைனிமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 கூட்டத்தில் பேச நினைப்பதை முன்கூட்டியே எழுதி எல்லோர் கையிலும் கொடுத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கூட்டத்தில் வரவு செலவு வாசித்து, குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால் தூர்வாருவது எல்லாம் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மிச்சப் பேருக்குப் பசி. அந்த நேரத்தில் நான் மைக்கைப் பிடித்தால் யார் கேட்பார்கள்?

நான் கேட்பது இதுதான். ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற நூலகத்தையும், அதை ஒட்டிய மைதானத்தையும் தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

நாங்கள் போன வைகாசியில் வேளச்சேரியிலிருந்து இங்கே குடிவந்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீரைக் கொண்டுவந்து விட்டது. அப்போதே ஊரை விட்டுப் போவது என்று முடிவாகிவிட்டது. (அதே மாதம் தாமிரபரணி கடலில் சேருகிற பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. "வெள்ளத்துக்குப் பயந்து தாமிரபரணிப் பக்கமா போறீங்க?" என்று என் மாமனார் இன்று வரைக்கும் கேட்கிறார்.) தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ என்கிற மென்பொருள் கம்பெனி வந்ததிலிருந்து, கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் குடும்பத்தோடு தென்காசிப் பக்கம் வருவது இங்கே அதிசயமில்லை. என் வீட்டுக்காரர் வேறு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டு நடக்கிறது.

சென்னையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லி அனுப்பினார்கள். கிராமம் என்றால் தெரு நிறையப் பிள்ளைகள், காலையில் வெளியே போனால் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வரும், உனக்குக் கவலையே இல்லை என்று. நானும் நம்பித்தான் வந்தேன். வந்து பார்த்தால் தெருவில் ஒரு பிள்ளை இல்லை. வேளச்சேரி அடுக்குமாடியில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பத்துப் பிள்ளைகளாவது ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஐந்து மணிக்குக் கோழியும் ஆடும்தான்.

காரணம் உங்களுக்குத் தெரியும். காலை ஏழேகாலுக்கு மஞ்சள் வேன்கள் வருகின்றன. எங்கள் ஒரு தெருவிலேயே ஒரு பிள்ளை தென்காசிக்கு, ஒரு பிள்ளை ஆழ்வார்குறிச்சிக்கு, ஒரு பிள்ளை பாவூர்சத்திரத்துக்கு. சாயங்காலம் திரும்பி வந்து முகம் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு டியூஷன். டியூஷன் முடிந்தால் ஏழரை, சாப்பாடு, தூக்கம். அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே ஒருவர் பெயர் இன்னொருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடம் என்பதால் சிநேகிதத்துக்கென்று தனியாக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. இப்போது ஊரே பல வேன்களாகப் பிரிந்து போகிறது. இதில் புதிதாக வந்த பிள்ளை யாரிடம் போய் ஒட்டிக்கொள்ளும்?

பெரியவர்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. எனக்கு முதல் சிநேகிதி கிடைத்தது துணை சுகாதார நிலையத்தில், ஒரு புதன்கிழமை. மகளுக்கு ஒன்றரை வயது ஊசி. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று நர்ஸ் உட்கார வைத்துவிட்டார். யாரும் எழுந்து போக முடியாது, செய்வதற்கு வேலையும் இல்லை. அழுகிற பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கியதில் பேச்சு ஆரம்பித்தது. எந்த ஊரு, என்ன வேலை, ஏன் இங்கே வந்தீங்க, வாடகை எவ்வளவு, மாமியார் கூட இல்லையா. சென்னையில் இத்தனை கேள்வியை ஒருவர் கேட்டால் முகம் சுளித்திருப்பேன். இங்கே அதுதான் பழகும் முறை என்று புரிந்துகொண்டேன்.

அப்புறம் பீடி சுற்றும் இடம். பக்கத்து வீட்டு மைனி திண்ணையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாறு பேர் மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இலையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, தகட்டளவுக்கு வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி அறுத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரல் ஒரு வேலையில் இருக்க, வாய் ஊர் நியாயம் முழுக்கப் பேசும். நான் காய்கறி நறுக்கும் சாக்கில் போய் உட்காருவேன். என் மகன் பக்கத்தில் வந்தால் மட்டும் ஆச்சி, "எய்யா, அங்கிட்டுப் போய் வெளாடு, தூள் நெடி ஆகாது" என்று விரட்டிவிடுவார். பிள்ளைகளை அந்தத் தூளுக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்பதில் அந்தப் பெண்களுக்கு இருக்கிற கறார் எனக்குப் பிடித்தது. ஆனால் ஆச்சி சொன்ன அந்த 'அங்கிட்டு' எங்கே இருக்கிறது?

இன்னொரு வழியும் இருந்தது. எங்களைப் போல வந்தவர்கள் தென்காசியிலும் குற்றாலம் பக்கமும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டில் கூடுவது, சாரல் நேரத்தில் அருவிக்குப் போவது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற சிநேகிதம் ஆறு வயதுக்குப் போதாது. அந்த வயதுக்கு வேண்டியது, வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வெளியே ஓடி வருகிற சிநேகிதம். தவிர, இங்கே வந்து இடம் வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டு இருப்பதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

மகனை நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். "மெட்ராஸ்ல இருந்து வந்து இந்தப் பள்ளிக்கூடத்துலயா போட்டிருக்கீங்க?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. காலை உணவுத் திட்டத்தில் பொங்கலோ கிச்சடியோ வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டில் உப்புமா என்றாலே ஓடுகிறவன் அங்கே ரவை உப்புமாவை வழித்துச் சாப்பிடுகிறான், பக்கத்தில் சிநேகிதன் சாப்பிடுவதால். பள்ளி நேரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதையும் தெரிந்தவர்.

குறை நான்கு மணிக்கு மேல்தான். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கூட்டத்தில் யாரும் எழுந்து சொல்லமாட்டார்கள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

அவன் சிநேகிதர்கள் பெரும்பாலும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான் வேனில் போய்விடுகிறார்களே. "அந்தப் பக்கம் எல்லாம் பிள்ளைய அனுப்பாதீங்க" என்று எனக்கு அன்பாகவே சொல்லப்பட்டது. காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிற காரணம்தான். நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், அங்கே என் மகனுக்குச் சோறும் கிடைக்கிறது, பந்தும் கிடைக்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரு பையன் இவனைத் தேடி வந்தால், எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கூப்பிடுகிறான். உள்ளே வாப்பா என்றால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்க்கிறான். ஏழு வயதுப் பையன். யாரும் திட்டியதை நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நூலகத்தைத் திறந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் விவரம் இல்லாதவள் இல்லை. ஆனால் யாருடைய தெருவும் இல்லாத, யாருடைய வாசலும் இல்லாத ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. பூட்டுத்தான் பிரச்சினை.

2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டினார்கள், மைதானங்கள் அமைத்தார்கள். நம்முடையதும் அதில் ஒன்று. சுவரில் எழுதிய திட்டத்தின் பெயர் பாதி அழிந்து இன்னும் தெரிகிறது. கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், உடைந்த நாற்காலிகள், கழற்றிப் போட்ட டியூப் லைட் பட்டிகள். அதற்குப் பின்னால் இரும்பு அலமாரியில் புத்தகங்கள், கட்டுக்கூடப் பிரிக்காமல் சில. சாவியைக் கேட்டேன். கிளார்க், டேங்க் ஆப்பரேட்டரிடம் இருக்கும் என்றார். ஆப்பரேட்டர், பழைய நூலகர் வீட்டில் இருக்கும் என்றார். அந்த வீட்டில், அப்போதே ஆபீசில் ஒப்படைத்தாச்சு என்றார்கள். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யாரும் கேட்காத சாவி அப்படித்தான் தொலையும்.

வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருப்பதைக் காட்டிச் சிலர் சண்டை போடச் சொன்னார்கள். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போவது. இந்தக் கட்டடம் ஊராட்சியுடையது. அதனால் அந்தச் சண்டை இங்கே செல்லாது. பணத்துக்காக நான் வரவில்லை. முதலில் மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றினால் போதும்.

நீங்கள் சொல்லப்போவதும் தெரியும். மைதானத்தில் ராத்திரி குடிக்கிறார்கள், பாட்டில் ஓடு கிடக்கிறது. ஆமாம், கிடக்கிறது. தினமும் பிள்ளைகளும் தாய்மார்களும் இருக்கிற இடத்தில் குடிக்க வருகிறவர்கள் தானாகக் குறைவார்கள். மலையடிவாரம், இருட்டினால் கரடி, சிறுத்தை பயம். நியாயமான பயம். அதனால் ஐந்திலிருந்து ஆறரை வரைக்கும் போதும், மைதானத்து மூலையில் இருக்கிற கம்பத்தில் விளக்கு எரிந்தால் சரி. படிப்பு கெட்டுவிடும் என்பார்கள். டியூஷன் எடுக்கும் டீச்சர்களிடம் சனிக்கிழமை ஒரு நாளாவது பிள்ளைகளை விட்டுவிடச் சொல்லி ஊர் சார்பில் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு வேனில் போகிற பிள்ளைகளும் அங்கே வர வேண்டும். அவர்கள் வராவிட்டால் அது ஒரு பக்கத்துப் பிள்ளைகளின் மைதானம் என்று பெயர் எடுத்துவிடும், பிறகு யாரும் வரமாட்டார்கள்.

யார் பார்த்துக்கொள்வது என்றால், திங்களும் வியாழனும் நான் உட்காருகிறேன். மற்ற நாட்களுக்கு மகளிர் குழுக்கள் முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு குழுத் தலைவிகளிடம் பேசினேன். ஒருவர் சரி என்றார், ஒருவர் கூட்டத்தில் பார்ப்போம் என்றார். பெரியவர்களும் வந்து பேப்பர் படிக்கலாம், திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். சுகாதார நிலையத்தில் நர்ஸ் எங்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தது போல யாரும் இங்கே உட்கார வைக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை விளையாடி முடிக்கும் வரை அம்மாவும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

வாடகைக்கு வந்தவளுக்கு இதில் என்ன பேச்சு என்று யாராவது கேட்டால்: படிவம் 8 கொடுத்து முகவரி மாற்றி, வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். அதனால் தலைவர் அவர்களை மூன்று விஷயங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். சாவி யார் பொறுப்பு என்று பெயரோடு எழுத வேண்டும். மூட்டைகளை எந்தத் தேதிக்குள் எடுப்பது என்று எழுத வேண்டும். மைதானத்துக் கம்பத்து விளக்கைத் தெருவிளக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சாவி கிடைக்காவிட்டால் புதுப் பூட்டு நான் வாங்கித் தருகிறேன்.

கூட்டம் வழக்கம்போலப் பள்ளிக்கூட மரத்தடியில்தானே? காலையிலேயே வந்துவிடுவேன். இரண்டு வயதுக்காரியும் கூட வருவாள், மைக்கைப் பார்த்தால் விடமாட்டாள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெருவில் வேப்பமர வீட்டுக்குக் குடிவந்திருக்கும் சென்னைக்கார அம்மா