எலும்பு எங்கும் எழுந்து போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வு இணைப்பில், முதுகுவலிக்காரர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் "ஒரே சொடக்கில் எலும்பை இடத்தில் உட்காரவைத்துவிடுவார்" என்று ஒரு வரி. 26 வருடமாக இதே வேலை பார்க்கிறேன். யார் எலும்பையும் நான் உட்காரவைத்ததில்லை; அது எங்கும் எழுந்து போகவும் இல்லை. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது, விரலில் நெட்டி முறித்தால் வருவதும் அதுதான். தங்களுக்குத் தெரியாததா!

ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெயிட்லண்ட் வகுத்தபடி, மூட்டை அசைப்பதை ஐந்து கிரேடாகச் சொல்லித்தருகிறோம். முதல் நான்கும் நோயாளி 'போதும்' என்றால் நிறுத்தக்கூடியவை. ஐந்தாவதுதான் உங்கள் சொடக்கு. தூரம் கொஞ்சம், வேகம் அதிகம், பாதியில் நிறுத்த வழியில்லை. கழுத்தில் அதைச் செய்ய இளநிலை மாணவர்களை நான் விடுவதில்லை. மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். "நாலரை வருஷம் படிச்சும் இதைச் சொல்லித் தரலையே மேடம்" என்பார்கள். அப்புறம் எங்கேயோ சனி, ஞாயிறு பயிற்சி, ஒரு சான்றிதழ், திங்கட்கிழமை சொடக்கு. இதைப் பற்றி உங்கள் இணைப்பில் ஒரு வரி வந்ததுண்டா?

போன வருடம் ஒரு லாரி டிரைவர் செல்போனில் வீடியோவைக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு எடுங்க" என்று குப்புறப் படுத்துவிட்டார். எழுப்பி விசாரித்தேன். உட்காரும் இடம் மரத்திருக்கிறது, முந்தின நாளிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்கினால் வரும் அறிகுறி இது. கை வைக்காமல் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அன்றிரவே ஆபரேஷன். சத்தமே வராத வைத்தியம், அதை யார் வீடியோ எடுப்பார்கள்?

சீட்டில் 'பிசியோ 10 நாள்' என்று மட்டும் கிறுக்கி அனுப்பும் மருத்துவர்களுக்கு நாங்கள் 'கரண்ட் வைக்கிறவங்க'. 2025 செப்டம்பரில், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம். மறுநாளே அது வாபஸ். போகட்டும், எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம். இப்போது நீங்களும் நெட்டி முறிக்கிறவர் ஆக்கிவிட்டீர்கள், நன்றி.

மரத்துப்போதல், சிறுநீர்ச் சிக்கல், காய்ச்சலோடு முதுகுவலி, எலும்பு பலவீனம், முன்பு புற்றுநோய் வந்தது, இதில் எது இருந்தாலும் சொடக்குக்கு முதுகைக் கொடுக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று அடுத்த இணைப்பில் நான்கு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
பிசியோதெரபி ஆசிரியை ஒருவர்,
மதுரை