துடிப்பிலிருந்து தரவு வரை: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல், மின்னணுவியல் பாடத்திட்டக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முதுநிலை இயற்பியல் மாணவர்கள் குவார்க்குகள் என்னும் அடிப்படைத் துகள்களின் வகைகளையும் அழிவின்மை விதிகளையும் தேர்வில் தெளிவாக எழுதுகிறார்கள். ஆனால் உணர்கருவியில் எழும் மில்லிவோல்ட் அளவுத் துடிப்பு எவ்வாறு கணினியில் ஓர் எண்ணாகப் பதிவாகிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். துகள் இயற்பியலை ஒரு தாளிலும் மின்னணுவியலை வேறொரு தாளிலும் வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தை நாம் விட்டுவிட்டதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே, தரவு சேகரிப்பு அமைப்புகளைப் பற்றிச் செய்முறையோடு கூடிய கட்டாயத் தாள் ஒன்றை முதுநிலையில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

கதிர்வீச்சை உணரும் கைகர் எண்ணிகள் பல ஒரே நேரத்தில் துடித்தால் மட்டுமே பதிவு செய்யும் வால்வுச் சுற்றை 1930-இல் புரூனோ ரோசி உருவாக்கினார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் ஆய்வு அதன்பின் புது வேகம் கொண்டது. ஒரே நேரத் துடிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த உடன்நிகழ்வு முறையை முன்பே வகுத்ததற்காகவே வால்தர் போத்தே 1954-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மின்சுற்றே இயற்பியலை முன்னகர்த்திய வரலாறு இது.

இன்றைய எடுத்துக்காட்டு மதுரையிலேயே இருக்கிறது. அங்கு 2018 முதல் இயங்கிவரும் 85 டன் எடையுள்ள மினி-ஐகால் என்னும் துகள் உணர்கருவியில், ஆர்.பி.சி. எனப்படும் ஒவ்வொரு வாயு உணர்தகட்டோடும் எஃப்.பி.ஜி.ஏ. (தேவைக்கேற்ப நிரல்படுத்தக்கூடிய சில்லு) கொண்ட மின்னணுப் பலகை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்னும் துகள் கடந்த நேரத்தை அளந்து, பதிவு செய்யச் சொல்லும் டிரிகர் ஆணை வந்தவுடன் அந்நிகழ்வின் தரவை ஈதர்நெட் வழியே அனுப்புவது அதன் பணி.

கல்லூரி ஆய்வகத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. 30 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சிண்டிலேட்டர் தகடுகள் (துகள் கடந்தால் ஒளிர்பவை), ஒளிஉணரிகள், குறித்த அளவை மீறும் துடிப்பை மட்டும் அனுமதிக்கும் டிஸ்கிரிமினேட்டர், சிறிய எஃப்.பி.ஜி.ஏ. பலகை ஆகியவை தொடங்கப் போதும். கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் என்பதால், அத்தகைய தகட்டை விநாடிக்குச் சுமார் 15 மியூவான்கள் கடக்கும். இரைச்சல் எனப்படும் தேவையற்ற துடிப்புகளையும் சேர்த்து ஒவ்வொரு தகடும் விநாடிக்கு 100 துடிப்புகள் தருவதாகவும், துடிப்பின் அகலம் 100 நானோவிநாடி எனவும் கொண்டால், தற்செயலான உடன்நிகழ்வுகள் மணிக்கு ஏழு அளவில்தான் இருக்கும். மாணவர் இதைக் கணக்கிட்டு, ஒரு தகட்டின் துடிப்பைத் தாமதப்படுத்தி, அப்போதும் எஞ்சும் தற்செயல் உடன்நிகழ்வுகளை எண்ணித் தம் கணக்கைத் தாமே சரிபார்க்கலாம். இரைச்சல் நடுவே மெய்யான நிகழ்வைப் பிரித்தெடுக்கும் இந்தப் பயிற்சியை எந்தப் பாடநூலும் ஈடுசெய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

இத்தாளை இரு துறைகளும் சேர்ந்து நடத்த வழிசெய்யுங்கள். ஆசிரியர்களுக்கான பயிற்சியை முதலில் தொடங்குங்கள். கருவி வந்தபின் கற்பிப்பார் இல்லையெனில் அது அலமாரியிலேயே கிடக்கும். தேர்விலும் வரையறைகளைக் கேட்பதை விடுத்து, மாணவர் தாமே பதிவு செய்த தரவையும், அதில் எதை எந்தக் காரணத்தால் நீக்கினார் என்ற விளக்கத்தையும் மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்