ஒரு ராத்திரி வேன் நிறுத்த 2,000 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பண்ணைக்காட்டுக்காரன். 22 வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். முதல் எட்டு வருடம் வத்தலக்குண்டில் இன்னொருவர் வண்டி, அப்புறம் கடன் வாங்கிச் சொந்த வண்டி. நிலக்கோட்டை, உசிலம்பட்டி, செம்பட்டி, சின்னாளபட்டி என்று கீழே இருக்கும் ஊர்களிலிருந்து பள்ளிக்கூட லீவு விட்டதும் குடும்பம் குடும்பமாகக் கொடைக்கானலுக்கு ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு. லீவு நாட்களில் மலையில் ஒரு ராத்திரி தங்க ஆகும் செலவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் வண்டியில் வருகிறவர்கள் பெரும்பாலும் லாட்ஜில் அறை எடுப்பதில்லை. கேஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, சட்டி, பாய், கம்பளி எல்லாம் வண்டியிலேயே வந்துவிடும். முதல் வேளைக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரிக்கு ஒரு காலி இடத்தில் வண்டியைப் போட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, பொம்பளைகளும் பிள்ளைகளும் வண்டிக்குள்ளும் ஆம்பளைகள் தகரக் கொட்டகையிலும் படுத்துக்கொள்வார்கள். டிரைவர்கள் நாங்கள் இதை ஹால்ட் போடுவது என்போம். இதற்கென்றே பெருமாள்மலையிலிருந்து மேலே போகும் பாதையில் சிலர் தங்கள் இடத்தைச் சமன் செய்து, தண்ணீர்த் தொட்டி கட்டி, நாலு கழிப்பறை போட்டு வைத்திருக்கிறார்கள். கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்று ஒரு கொள்கையே கொண்டுவந்தார்கள். நம் அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இருக்கிறது. படுக்கை, கழிப்பறை எல்லாம் வைத்த பெரிய வண்டிகளை மனதில் வைத்து அதை எழுதியிருப்பார்கள். பாய் விரித்த என் வேனில் வரும் குடும்பங்களும் அதே மாதிரிதான் வண்டியிலேயே தங்குகின்றன என்பதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

நான் சொந்த வண்டி வாங்கிய புதிதில் ஒரு ராத்திரி ஹால்ட்டுக்கு 200 ரூபாய் கொடுத்தேன். கொரோனாவுக்கு முந்தின வருடம் 500 ஆனது. தண்ணீர், கழிப்பறை, விறகு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சுடுதண்ணீர் மட்டும் வாளிக்கு 30 ரூபாய் தனி. இப்போது ஆகஸ்ட் மாதம் மழையில் போனால் அதே இடத்தில் 600 வாங்குகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பள்ளிக்கூட லீவில்தான் விவகாரமே.

கடந்த மே மாதம் நிலக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 14 பேரை ஏற்றி வந்தேன். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர்கள். விடிவதற்கு முன்னால் போய்ப் பறித்துப் பூச்சந்தைக்கு அனுப்பினால்தான் அன்றைய கூலி. வாரம் 100 ரூபாய் சீட்டுக் கட்டி, ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த பணம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த ஒரு பிள்ளை கொடைக்கானல் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கூட நாலு சின்னப் பிள்ளைகள், ஒரு அப்பத்தா. இரண்டு நாளைக்கு டீசலோடு என் வாடகை 9,000 என்று பேசினோம்.

ஹால்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே போன் போட்டு ஓர் இடத்தில் பேசி வைத்திருந்தேன். வேனுக்கு 800 என்றார்கள். முன்பணம் 300 ரூபாய் போனிலேயே அனுப்பிவிட்டேன். அன்று மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோட்டில், மலைக்கு வண்டி கொண்டுபோக முன்கூட்டியே வாங்கும் அனுமதியான இ-பாஸைக் காட்டிவிட்டு மேலே ஏறவே மதியம் ஆகிவிட்டது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் அரை மணி நேரம் நின்றோம். அந்த நெரிசலில் ஊருக்குள் போய் ஏரியைப் பார்க்க நேரம் பத்தாது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக ஹால்ட்டுக்குப் போனோம். மணி ஏழரை. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது.

கேட்டில் நின்ற பையன் வேனுக்கு 2,000 என்றான். ஆளுக்கு 100 தனி. 800 பேசினேனே, முன்பணமும் போட்டேனே என்றேன். "அது போன வாரம் அண்ணே, இன்னைக்கு சனிக்கிழமை" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் கூலிக்கு நிற்கிறவன். முதலாளிக்குப் போன் போடச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. மொத்தம் 3,400 ரூபாய். அவர்கள் கையில் ராத்திரிக்கு என்று ஒதுக்கியிருந்தது ஆயிரத்துக்குள்தான். மறுநாள் படகுக்கும் பார்க்குக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று ஆம்பளைகள் வண்டிக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் குளிரில் பல் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கடைசியில் அப்பத்தாதான், "ஏப்பா, மலையை விட்டு எறங்கிருவோம், பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆகிறப் போகுது" என்றது.

இரண்டு லாட்ஜிலும் கேட்டுப் பார்த்தேன். நாலு பேர் படுக்கிற அறை 4,000 என்றார்கள். அதே அறையை ஆகஸ்ட்டில் 1,200-க்குக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். 2022 ஜூலை வரை 1,000 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அப்புறம் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள். வரி ஏறியபோது வாடகையும் ஏறியது, இறங்கியபோது இறங்கி நான் பார்க்கவில்லை. சரி, அது வேறு கதை.

அன்று ராத்திரி ஊத்து என்ற ஊர் வரை இறங்கி, பண்ணைக்காட்டுப் பாதையில் திரும்பி, அவர்களை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர மணி பத்தைத் தாண்டிவிட்டது. என் மனைவி ரவை வறுத்து உப்புமா கிண்டினாள். காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்தார்கள். மறுநாள் அதிகாலையில் மறுபடி மேலே ஏறி ஏரியைக் காட்டினேன். அந்தக் கூடுதல் டீசலை நான் கேட்கவில்லை, அவர்கள் இருக்கிற நிலைமையில் எப்படிக் கேட்பது? 300 ரூபாய் முன்பணம் இன்று வரை திரும்பி வரவில்லை.

எனக்கு மலையில் வீடு இருந்தது, இறக்கிவிட்டேன். உசிலம்பட்டியிலிருந்து வரும் டிரைவருக்கு என்ன இருக்கிறது? அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வண்டியைக் கழுவி, ஆட்களை ஏற்றி, மலை ஏறி, நாள் முழுக்க நெரிசலில் கிளட்சை மிதித்தே கால் மரத்துப்போனவர். ஹால்ட் கட்டுப்படியாகவில்லை என்றால் அதே ராத்திரி அதே ஆட்களோடு அவர் கீழே இறங்கத்தான் வேண்டும். டம் டம் பாறைக்கு மேலே பனி மூடினால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி வாடை வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் கியரைக் குறைக்க ஒரு நொடி தாமதித்தாலே போதும். இந்தப் பாதையில் பல விபத்துகளை என் கண்ணால் பார்த்துவிட்டேன், அதையெல்லாம் இங்கே எழுத மனம் வரவில்லை. தங்க வந்தவர்களை வாடகையைச் சொல்லி ராத்திரியில் இறக்கிவிடுவது உயிரோடு விளையாடுகிற காரியம். ஆசிரியர் அவர்கள் வேறு எதை வெட்டினாலும் இதை மட்டும் வெட்டாமல் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம் வைத்திருப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்களில் பலர் எனக்குப் பழக்கம். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். மழைக் காலத்தில் மாதக்கணக்கில் ஒரு வண்டிகூட வராது. லீவில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி நாளை ஓட்டுகிறார்கள். நானும் மே மாதம் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத்தான் வாங்குகிறேன். ஆனால் வண்டி பேசும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன். 9,000 என்று பேசியவர்களிடம் பாதி மலையில் வண்டியை நிறுத்திவிட்டு 15,000 கேட்டால் என்னைச் சும்மா விடுவார்களா?

மற்றவர்களுக்கு லீவைத் தவிர வேறு நாளும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை வந்து பாதி விலையில் தங்கிவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் காலாண்டு, அரையாண்டு, பொங்கல், கோடை, இவ்வளவுதான். தேதியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பள்ளிக்கல்வித் துறை கொடுக்கிறது. அந்தத் தேதிக்குத்தான் மலையில் விலை மும்மடங்கு.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். மலை தாங்காது என்பதற்காகச் செய்தது, நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கூட்டம் அளவோடு வந்தால் வாடகையும் அளவோடு இருக்கும் என்று டிரைவர்கள் நினைத்தோம், அது நடக்கவில்லை. இருந்தாலும் அந்த ஏற்பாட்டால் ஒரு வழி பிறந்திருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை பேர் எந்த வண்டியில் வருகிறார்கள் என்பது இப்போது அரசுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அதே இ-பாஸ் பக்கத்தில் வேன் ஹால்ட் போடும் இடங்களையும் அந்த லீவுக்கு அவர்கள் வாங்கும் ராத்திரி வாடகையையும் போட்டுவிட என்ன தடை? லீவு தொடங்கும் முன் அவர்களே ஒரு தொகையைச் சொல்லட்டும், 1,200 என்றாலும் சொல்லட்டும். சொன்ன தொகை லீவு முடியும் வரை மாறக் கூடாது. தண்ணீரும் கழிப்பறையும் அதற்குள் அடங்க வேண்டும். கேட்டில் பெயிண்டில் எழுதி வைக்க வேண்டும். கட்டுப்படியாகாதவர்கள் வத்தலக்குண்டிலேயே யோசித்து, காலையில் ஏறிச் சாயங்காலம் வெளிச்சத்தோடு இறங்கிவிடுவார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. லீவு நாளில் எங்கள் மலையில் இருக்கும் அரசுப் பள்ளிகளும் பூட்டித்தான் கிடக்கின்றன. மைதானம் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. தேர்தல் என்றால் திறக்கிறோம், மழை வெள்ளம் என்றால் ஜனங்களைத் தங்க வைக்கிறோம். மே மாதத்தில் ஒரே ஒரு பள்ளி மைதானத்தில் ராத்திரிக்கு 20 வேனுக்கு இடம் கொடுத்து, வேனுக்கு 500 ரூபாய் வாங்கி அந்தப் பணத்தைப் பள்ளிக்கே கொடுத்தால் ஜூனில் சுவருக்கு வெள்ளை அடிக்க உதவும். குப்பை போட்டுவிடுவார்கள் என்பார்கள். உண்மைதான், நம் ஜனங்கள் போடுவார்கள். அதற்குப் பயந்தால் 1,000 ரூபாய் டெபாசிட் வாங்கி, காலையில் இடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்ட பிறகு என் வண்டியில் கேன் கொண்டுவருகிறவர்களே அதிகம். சொன்னால் கேட்பார்கள்.

டிரைவர்களுக்குத் தூங்க இடமும் கழிப்பறையும் விடுதிகள் தர வேண்டும் என்று 2023-ல் அரசு கட்டட விதிகளில் சேர்த்தது. அதைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். நான் போகும் இடங்களில் இன்னும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் தூங்குகிறேன். அதையும் அதிகாரிகள் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும்.

போன வாரம் நிலக்கோட்டையிலிருந்து அந்த அப்பத்தாவின் மகன் போன் பண்ணினார். அரையாண்டு லீவில் இன்னொரு குடும்பமும் சேர்ந்து வருகிறார்களாம். பூ விலை பரவாயில்லை, இந்தத் தடவை ஒரு ராத்திரியாவது மேலேயே தங்க வேண்டும், எவ்வளவு ஆகும் அண்ணே என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். மூன்று பேரும் சொல்லி வைத்த மாதிரி, "வாங்க, வந்து பேசிக்கலாம்" என்றார்கள். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர்,
பண்ணைக்காடு, திண்டுக்கல் மாவட்டம்.