பழைய துணியை எந்தக் கடைக்குக் கொடுப்பது?

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மதினியும் பிள்ளைகளும் சுகம்தானே? "சும்மா கொடுத்த துணியைக் கடை போட்டு விக்கிறானுவளாமே, இதுல என்ன தர்மம்?" என்று போனில் கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே எந்தக் கடைத்தெருவிலும் நாலைந்து சேரிட்டி ஷாப், அதாவது தர்ம ஸ்தாபனங்கள் நடத்துகிற பழைய பொருள் கடை, இருக்கும். நாம் கொடுக்கிற சட்டை ஏழை ஒருவரின் கைக்கு நேரே போவதில்லை. கடையில் விற்றுப் பைசாவாகித்தான் தர்மத்துக்குப் போகிறது. தானமாக வந்த பொருளை விற்றால் வாட் வரி இல்லை. இங்கிலாந்தில் கடைக் கட்டட வரியிலும் 80 சதவீதம் தள்ளுபடி. ஆனாலும் வாடகை, மேனேஜர் சம்பளம், வேன், கரண்டு எல்லாம் போகத்தான் மிச்சம். ஆகவே பார்க்கவேண்டியது இரண்டு: இந்தப் பண்டத்தை நல்ல விலைக்கு விற்க யாரால் முடியும், விற்ற பைசா எங்கே போகிறது.

இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. இப்படிக் கடை நடத்துகிற தர்ம ஸ்தாபனங்களுக்குப் பொதுவாகப் பதிவு எண் உண்டு. கடைப் பலகையிலும் பையிலும் அச்சடித்திருக்கும். ஸ்காட்லாந்து என்றால் எண்ணுக்கு முன்னால் எஸ்சி என்று வரும். இங்கிலாந்து, வேல்ஸ் ஸ்தாபனம் என்றால், அவற்றைக் கண்காணிக்கிற சேரிட்டி கமிஷனின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் வரவு, செலவு, 60,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோர் எத்தனை பேர் என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். பலபேர் தலைவரின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்து மூடிவிடுகிறார்கள். எனக்கு அது அரைகுறைப் பார்வை. ஆண்டுக் கணக்கைத் திறந்து, கடைகளின் வரவு ஒரு வரியிலும் கடைகளின் செலவு இன்னொரு வரியிலும் இருப்பதை ஒப்பிடவேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அந்தக் கடை தன்னைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷத்தை வைத்து முடிவுகட்டாமல் மூன்று வருஷத்தைப் பார்ப்பது நியாயம்.

ஏமாற்று நடப்பது வாசலில் போட்டுவிட்டுப் போகிற பிளாஸ்டிக் பையில். குழந்தைப் படம், உருக்கமான வாசகம் எல்லாம் இருக்கும். தர்மப் பதிவு எண் மட்டும் இருக்காது, அந்த இடத்தில் கம்பெனி எண் இருக்கும். அது சுத்த வியாபாரம். உண்மையான தர்மத்தின் பெயரில் தனியார் கம்பெனி துணி சேகரிப்பதும் உண்டு. அதில் டன்னுக்கு இத்தனை பவுண்டு தருகிறோம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பேச்சுக்கு டன்னுக்கு 100 பவுண்டு என்று வையுங்கள். ஐந்து கிலோ பைக்கு 50 பென்ஸ்தான் சேரும். அதே பையிலுள்ள நல்ல சட்டை ஒன்றையே கடை அதைவிடப் பலமடங்குக்கு விற்கும். கால் வலித்தாலும் கடைக்கு நேரே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி.

எதற்குக் கொடுப்பது? என் கணக்கில் உடுப்புக்கு முதல் இடம் உள்ளூர் ஹாஸ்பிஸ் நடத்துகிற கடைக்கு. கடைசிக் கால நோயாளிகளைப் பார்க்கிற இந்த இல்லங்களுக்கு அரசாங்கப் பணம் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. மீதியைக் கடைகளும் நன்கொடையும் தேடவேண்டும். பைசா அதே ஊரிலேயே செலவாகிறது, போய்ப் பார்க்கவும் முடியும். புத்தகம் என்றால் வறுமை ஒழிப்புக்கு உழைக்கிற ஆக்ஸ்பாம்; 1942இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கியது, புத்தகத்துக்கென்றே தனிக் கடைகள் வைத்திருப்பதால் விலை தெரிந்து விற்பார்கள். சோபா, கட்டில் என்றால் பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷன் வீட்டுக்கு வந்து இலவசமாக எடுத்துப்போகும். பைசா இருதய ஆராய்ச்சிக்கு. நம்ம நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை நடத்துகிற இரட்சணிய சேனைக்கு (சால்வேஷன் ஆர்மி) இங்கே தெருவோரத் துணிப்பெட்டிகள் உண்டு. கடைக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு அது போதும்.

சோபாவில் தீப்பாதுகாப்பு லேபிள் தைத்திருக்கவேண்டும். 1988 சட்டப்படி அது இல்லாமல் விற்க முடியாது. உறுத்துகிறதென்று கத்தரித்துவிட்டால் புது சோபாவும் குப்பைதான். பொம்மையில் சிஇ அல்லது யுகேசிஏ என்கிற பாதுகாப்பு முத்திரை வேண்டும். குழந்தைகளின் கார் சீட், சைக்கிள் ஹெல்மெட் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள், அடிபட்டதா என்று வெளியே தெரியாதே. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியைக் கொடுக்காதீர்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்லுங்கள். பிளக்கு இந்த ஊர் பிளக்கு இல்லை, அது நகராட்சியின் மறுசுழற்சி மையத்துக்குத்தான்.

சேலை கொடுக்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைக்காரக் கடையில் பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு பவுண்டு போட்டுவிடுவார்கள். "சுத்தப் பட்டு, ஐந்தரை மீட்டர்" என்று ஆங்கிலத்தில் சீட்டெழுதிக் குத்திக் கொடுக்கவேண்டும். முடிந்தால் லெஸ்டர், ஈஸ்ட் ஹாம் மாதிரி நம்ம ஆட்கள் நிறைந்த இடத்துக் கடையில் கொடுப்பது. அளவெடுத்துத் தைத்த பிளவுஸ் விற்காது.

விற்காத துணியைக் கடைக்காரர்கள் நம்ம ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) போலக் கிலோ கணக்கில் மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம்ம பானிப்பட்டுக்கும் வெளிநாட்டுப் பழைய கம்பளித் துணி வருகிறது, பிரித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். அதனால் கிழிந்ததும் வீணில்லை, ஆனால் தனிப் பையில் கட்டி "ராக்" (கந்தல்) என்று ஆங்கிலத்தில் எழுதவேண்டும். ஈரத்துணி ஒன்று போதும், பை முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் பூட்டிய கடை வாசலில் ராத்திரி வைத்துவிட்டுப் போவது மகா தப்பு. மழை நனைக்கும், கழித்துக்கட்டும் செலவு தர்மத்தின் தலையில். செருப்பை ஜோடியாகக் கட்டிக் கொடுக்கவேண்டும். குளிர்க் கோட்டைச் செப்டம்பரில் கொடுத்தால் உடனே விற்கும். மார்ச்சில் கொடுத்தால் சின்னக் கடையில் வைக்க இடமிருக்காது.

இன்னொன்று, கிப்ட் எய்ட். இங்கே வருமான வரி கட்டுபவர் ஒருமுறை படிவத்தில் கையெழுத்திட்டால், அவர் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் கூடுதலாகத் தர்மத்துக்குத் தரும். கொடுக்கிறவருக்குச் செலவில்லை, ஆனால் அந்த அளவுக்கு அந்த வருஷம் வரி கட்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் அவர் தலையில்.

களியக்காவிளையில் இப்படிக் கடை போடலாமா என்று கேட்டீர்கள். துணியில் தொடங்கவேண்டாம் என்பது என் எண்ணம். தரம் பிரிக்க ஆள் கிடைக்காமல் ஒரு மாதத்தில் மூட்டை கூரையைத் தொடும். நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு சும்மா கிடப்பது சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை. தீராத நோயாளிகளின் வலி தணிக்கிற தர்ம ஸ்தாபனமாகத் திருவனந்தபுரத்தில் 2003 முதல் நடக்கிற பாலியம் இந்தியாவுக்கு முதலில் போன் பண்ணி, எது தேவை, எந்த நிலையில் வாங்குவார்கள் என்று கேளுங்கள். காற்று மெத்தை என்றால் பம்பை ஒரு ராத்திரி ஓடவிட்டு, காற்று இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

மதினியிடம் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் தங்கை