தப்பான பொருளை அனுப்பியது நீங்கள், அலைவது நாங்களா?

இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனங்களின் குறைதீர் அதிகாரிகள் எல்லோருக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாநிலம் கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். ஒரு பக்கம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு, இன்னொரு பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். தென்னையும் நெல்லும்தான் இங்கே பலருக்குப் பிழைப்பு. டவுனுக்குப் போய் வந்தால் அரை நாள் வேலை கெட்டுப்போகும் என்பதால் மோட்டார் சாமானிலிருந்து பிள்ளைகளின் பள்ளிப் பை வரை இப்போது போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறோம். 678 என்று தொடங்கும் எங்கள் பின்கோடுக்கு உங்கள் வண்டி வராத நாளே இல்லை. அந்த வண்டி தப்பான பொருளைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்த மடல்.

தென்னைக்கு மருந்தடிக்க 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஆர்டர் போட்டிருந்தோம். வந்தது பூந்தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கிற, கையால் அழுத்துகிற பிளாஸ்டிக் பாட்டில். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் சரியான பெயர், உள்ளே இருந்த பில்லில் சரியான விலை, பொருள் மட்டும் வேறு. போட்டோ எடுத்து ஏற்றினோம், புகார் ஏற்கப்பட்டது என்று செய்தி வந்தது, எடுத்துப்போகப் பையனும் வந்தார். அவர் போனைத் திறந்தால் ஆப்பில் பேட்டரி ஸ்பிரேயரின் படம். படத்தில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றா, நிறம் சரியா, கூடவே பேட்டரியும் சார்ஜரும் இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி. அவர் உள்ளதை உள்ளபடி அழுத்தினார், ஆப் சிவப்பு காட்டியது. "சேட்டா, இது ஆ சாதனம் அல்ல, எடுக்கான் பற்றில்ல" (அண்ணா, இது அந்தப் பொருள் இல்லை, எடுக்க முடியாது) என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் உங்கள் குறுஞ்செய்தி வருகிறது: வாடிக்கையாளர் வேறு பொருளைக் கொடுத்ததால் பிக்கப் ரத்து, பணம் திரும்பக் கிடைக்காது.

வேறு பொருள் வந்தது என்பதுதானே எங்கள் புகாரே! அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் கொடுத்த கேள்விகளை எழுதியவர்கள் மேல்தான் கோபம். ஆர்டர் போட்ட பொருளைத் திருப்பிக் கொடு என்கிறீர்கள். அது எங்களிடம் வரவே இல்லை, வராததை எங்கிருந்து கொடுப்பது?

மனசு மாறி ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்பது வேறு. முதலாவதற்கு நீங்கள் ஏழு நாள் என்றோ மாற்று மட்டும்தான் என்றோ நிபந்தனை போட்டுக்கொள்ளுங்கள், புரிகிறது. இரண்டாவதில் தவறு முழுக்க உங்கள் பக்கம், அதற்கும் அதே நிபந்தனையைக் காட்டுவது நியாயமே இல்லை. எங்கள் ஊர் பலசரக்குக் கடையில் துவரம் பருப்பு கேட்டு வீட்டுக்குக் கடலைப் பருப்பு வந்துவிட்டால், கடைக்காரர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சரியானதைக் கட்டிக் கொடுப்பார், நீ மாற்றி வைத்திருப்பாய் என்று சொல்ல மாட்டார்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளில், விளம்பரத்தில் காட்டியபடியோ ஒப்புக்கொண்டபடியோ பொருள் இல்லையென்றால், விற்றவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, வாங்கிய பணத்தைக் கொடுக்கவும் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் வேலை, குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்று சொல்வதும் அந்த விதிதான். நாங்கள் விற்கவில்லை, விற்பனையாளர்தான் விற்றார் என்று நீங்கள் ஒதுங்கினாலும், எழுதிக் கேட்டால் அந்த விற்பனையாளரின் முகவரியும் தொடர்பு விவரமும் எங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கேட்டால் வருவது, தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற அச்சடித்த பதில்தான்.

அப்புறம் இந்த ஓடிபி விஷயம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஓடிபி கேட்கிறார்கள், சொல்லாவிட்டால் பார்சல் கைக்கு வராது. பிறகு புகார் சொன்னால், ஓடிபி கொடுத்து ஏற்றுக்கொண்டீர்களே என்கிறீர்கள். மூடிய பெட்டி கைக்கு வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, உள்ளே என்ன இருந்தது என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்? பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள் என்கிறீர்கள், சரி, எடுப்பவர்கள் எடுக்கட்டும். களத்தில் வேலையாக இருக்கும்போது வீட்டில் இருக்கிற வயதான அம்மா பார்சலை வாங்கி வைக்கிறார், அவரைப் போய் ஆறு பக்கமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்வது எந்த நியாயம்? உங்களிடம்தான் கிடங்கில் போட்ட எடை இருக்கிறது. அந்த எடையையும் ஸ்பிரேயரின் எடையையும் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எங்களைச் சந்தேகப்படுவதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடக்க இருந்தது இதைவிட மோசம். காசு கொடுத்து வாங்கிய சேலை மாறி வந்துவிட்டது, ஆப்பில் பேசுவதற்கு ஆளே இல்லை, மெஷின்தான் பதில் சொல்கிறது. கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி அடித்திருக்கிறார். எடுத்தவன் நல்ல தமிழில் பேசி, பணம் அனுப்ப ஒரு ஆப் இறக்குங்கள், யுபிஐ பின்னை அடியுங்கள் என்றிருக்கிறான். மகன் போனைப் பிடுங்கியதால் தப்பித்தார். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் போடவே வேண்டாம், இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். அதிகாரிகளே, உங்கள் உண்மையான நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்திருப்பதால்தான் இந்தத் திருடர்களுக்கு வழி கிடைக்கிறது. அதையும் கண்ணில் படும்படி போட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. தப்பான பொருள் என்று புகார் ஏற்றுக்கொண்டால், எடுக்க வருகிற பையனின் ஆப்பில் ஆர்டர் போட்ட பொருளின் படத்துக்குப் பதிலாக நாங்கள் அனுப்பிய போட்டோ தெரியட்டும், அதோடு ஒப்பிட்டு எடுத்துக்கொண்டு போகட்டும். கொண்டுவந்து கொடுக்க வண்டி வருகிற ஊருக்கு எடுத்துப்போகவும் வண்டி வர வேண்டும், உங்கள் பகுதியில் பிக்கப் இல்லை, நீங்களே கூரியரில் அனுப்புங்கள் என்பது இனி வேண்டாம். பணத்தை உங்கள் ஆப்பின் வாலட்டில் போடாமல் எந்த வழியில் வாங்கினீர்களோ அந்த வழியில் கொடுங்கள், ரொக்கமாக வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கில் போடுங்கள். பின்கோடைப் பார்த்து மலையாளம், இல்லாவிட்டால் இந்தி என்று முடிவு செய்யாதீர்கள். கேரள அரசே 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. ஒரு கம்பெனியால் போனில் தமிழ் பேச முடியாதா?

ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் சும்மா இருக்கப் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் நடக்காவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. லேபிள், பில், போட்டோ, உங்கள் குறுஞ்செய்தி எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அந்த பிளாஸ்டிக் பாட்டிலும் பெட்டியோடு அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தென்னை விவசாயி