பழைய காரை விற்பவர் சொல்ல வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலை அருகே நன்கு பராமரிக்கப்பட்ட 1967ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதை அறிந்து, நேரில் சென்று பார்த்தேன். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றும், ஆண்டுக்கு இரு பருவமழைகளும் இரும்பை அரித்துவிடும் நம் மாவட்டத்தில், அதன் அடித்தளத் தகடு துருவின்றி இருந்தது எனக்குப் பெரும் வியப்பளித்தது. உரிமையாளர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடிப்பகுதி முழுவதையும் காட்டினார். சேஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சின் வகையைக் குறிக்கும் என்றும், இவ்வண்டியில் அது ‘ஏ’ என்பதால் 225 குதிரைத்திறன் கொண்ட 4.7 லிட்டர் வி8 எஞ்சினுடன் தயாரிக்கப்பட்டது என்றும் விளக்கினார். விற்பவர் இவ்வளவு வெளிப்படையாக இருப்பது அரிது.

ஆயினும், அங்கு வந்திருந்த சிலர் இதனைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று பேசிக்கொண்டது கவலை தந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை 'விண்டேஜ்' பிரிவில் பதிவு செய்ய 2021இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, அப்பிரிவில் பதிவானவற்றை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றிற்கே அனுமதி உண்டு. இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட வண்டிக்கு உரிய சைகைக் கருவியும் கட்டாயம்.

பழைய வாகன விளம்பரங்களில் பதிவுப் பிரிவையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்