பெயரைப் போட்டுத் தேடச் சொல்

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்ததால் எதையும் படிக்கக்கூடாது, செல்பேசியைத் தொடவே கூடாது என்று வீட்டில் எல்லாரும் காவலுக்கு நின்றார்கள். இப்போது பரவாயில்லை. பஞ்சாங்கத்துப் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. மதினியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் எதையும் போட்டுத் தேய்க்காமல் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்.

கயல் விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுக்குத் தமிழ் அச்சின் தொடக்க காலத்தை எடுத்திருக்கிறாள், எங்கே தேடினாலும் அதே நாலு கட்டுரைதான் வருகிறதென்று அலுத்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். பொருளைப் போட்டுத் தேடினால் அப்படித்தான் வரும். ‘தமிழ் அச்சு வரலாறு’ என்று தட்டினால், தலைப்பிலேயே அந்தச் சொற்களை வைத்திருக்கிறவர்கள்தான் முன்னால் வந்து நிற்பார்கள். ஆனால் அவளுக்கு வேண்டிய காலத்து ஐரோப்பியர்கள் தமிழைத் தமிழ் என்றா எழுதினார்கள்? அன்ரிக்கே அன்ரிக்கஸ் பாதிரியார் 1549 வாக்கில் போர்த்துகீசில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் தலைப்பில் இருப்பது ‘மலபார் மொழி’. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணத்தின் லத்தீன் தலைப்பு ‘கிராமாட்டிக்கா டாமுலிக்கா’. அவர் தரங்கம்பாடியில் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் போட்ட பட்டியல் ‘பிப்ளியோத்தேக்கா மலபாரிக்கா’. தமிழ் என்று போட்டுத் தேடுகிறவள் கண்ணில் இவை எங்கே படப்போகின்றன? ஆள் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல். எல்லாம் வரிசையாக வந்து விழும்.

அன்ரிக்கஸையே எடுத்துக்கொள். அவர் பெயரைப் போட்டால் 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ வரும். அடுத்த வருஷம் கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ வரும். 1586இல் அச்சான ‘புளோஸ் சாங்தோரும்’, அதாவது அடியார் வரலாறு, அதுவும் வரும். கூடவே முத்துக்குளித்துறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள், இயேசு சபையினரின் இந்தியக் கடிதத் தொகுப்புக்குள்ளிருந்து வரும். அந்தத் தொகுப்பின் தலைப்பில் தமிழும் கிடையாது, அச்சும் கிடையாது. எந்தப் பொருள் தேடலும் அவளை அங்கே கொண்டுபோய் விடாது. ஆனால் ஒன்று, அவர் பெயரை ஒரே மாதிரி யாரும் எழுதவில்லை. ஆங்கில ‘எச்’ எழுத்தில் தொடங்கும் பட்டியல் உண்டு, ‘ஏ’ எழுத்தில் தொடங்குவது உண்டு, ஸ்பானியப் பாணியில் ‘ஈ’ எழுத்தில் தொடங்குவதும் உண்டு. மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வித்தையை நான் கற்றுக்கொண்டது ஈழத்துத் தமிழறிஞரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான தனிநாயகம் அடிகளிடம். நேரில் இல்லை, அவர் பெயரைத் தேடப் போய்த்தான். வடக்கன்குளத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோதுதான் அவர் தமிழை முறையாகப் படித்தார் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு பெருமை உண்டே, அந்தப் பெருமையில் ஒருநாள் பெயரைத் தட்டிப் பார்த்தேன். உலகத் தமிழ் மாநாடு, தமிழ்த்தூது இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வந்ததைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயராக இருந்த புனித சிப்பிரியான் காலத்துக் குருமார்களைப் பற்றி ஒரு நூல். அது அவர் ரோமில் இருந்தபோது செய்த முனைவர் பட்ட ஆய்வு. அதற்குப் பக்கத்திலேயே சங்கப் பாட்டில் இயற்கை. அப்புறம் இந்தியச் சிந்தனையும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவமும். பண்டைத் தமிழர் கல்வி. உலகம் சுற்றிய கதையான ‘ஒன்றே உலகம்’. இத்தனையும் ஒரே ஆள் என்று எந்தப் பொருள் அட்டவணை சொல்லும்? சமயம் ஒரு அலமாரி, இலக்கியம் ஒரு அலமாரி, கல்வியியல் ஒரு அலமாரி என்று பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பெயர் ஒன்றுதான் இவற்றுக்கிடையே கட்டிய கயிறு.

இன்னொன்று கேள். அவருடைய இயற்கை பற்றிய ஆங்கில நூல் 1950களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு தலைப்பில் வந்தது. 1966இல் அதே நூல் ‘நிலமும் கவிதையும்’ என்று பொருள்படும் வேறு தலைப்பில் வந்தது. தலைப்பை வைத்துத் தேடுகிறவர் இரண்டையும் இரண்டு புத்தகம் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்குவார்.

கயலுக்கு நேரடியாக உதவுகிறதும் இதற்குள்ளேதான் கிடக்கிறது. அந்தாவ் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசு அகராதி, அவர் இறந்தபின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை வைத்து அதை 1966இல் கோலாலம்பூரில் திரும்பவும் வெளியிட்டவர் அடிகள். ஆனால் ஆசிரியர் கட்டத்தில் அடிகள் பெயரை மட்டும் போட்டால் சில பட்டியல்களில் இது வராது, ஏனென்றால் ஆசிரியர் புரோயென்சா, இவர் பதிப்பாசிரியர். அதனால் பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுத்தவர் எல்லாக் கட்டத்திலும் பெயரைப் போட வேண்டும். அதே 1966இல் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலும் அவர் கொண்டுவந்தார். தேடுகிறவர்களுக்கென்று அந்தக் காலத்திலேயே உட்கார்ந்து தொகுத்திருக்கிறார் பார். மலாயாப் பல்கலைக்கழக வேலை, முதல் உலகத் தமிழ் மாநாடு எல்லாவற்றுக்கும் நடுவில்.

சரி, இவ்வளவும் ஒரே தட்டலில் வந்ததா என்றால் இல்லை. நம் பெயர்களை வெளிநாட்டு நூலகங்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே! அடிகள் ஆங்கிலத்தில் ‘தனி நாயகம்’ என்று பிரித்து எழுதுவார். ‘தனி’யை ஏதோ நடுப்பெயர் என்று நினைத்து ‘நாயகம், சேவியர் எஸ். தனி’ என்று ஆங்கில ‘என்’ எழுத்து வரிசையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நூலகங்கள் தமிழ் நூல்களின் பெயர்களை எழுத்துப்பெயர்க்கும்போது தகரத்துக்கு எச் சேர்ப்பதில்லை, ககரத்துக்கு எப்போதும் கே தான். அதாவது ‘டி, ஏ, என், ஐ’ என்று தொடங்கி, நடுவில் ஜீ இல்லாமல் கே வர வேண்டும். இது தெரியாதவர் எத்தனை தட்டினாலும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் பதில் வரும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? முன்னெழுத்தும் வம்புதான். தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளையின் முன்னெழுத்து தமிழில் ‘ச’, ஆங்கிலத்தில் ‘எஸ்’. அதைத் திரும்பத் தமிழில் போடுகிறவர் ‘எஸ்’ என்றே எழுதிவிடுவார். ஒரே மனிதர் பட்டியலில் இரண்டு ஆளாக நிற்பார். பல நாட்டு தேசிய நூலகங்களின் பெயர்க் கோப்புகளை ஒன்றாக இணைத்த வியாஃப் என்று ஒன்று இருக்கிறது. கயல் முதலில் அங்கே போய் ஒருவருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு இணைய ஆவணகம், தமிழ் மின்நூலகம், ரோஜா முத்தையா நூலகப் பட்டியல் என்று ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கலாம். ஈழத்து ஆட்கள் என்றால் ‘நூலகம்’ தளத்தைத் தவிர்க்கவே கூடாது. சிறு மலர், பள்ளி ஆண்டு இதழ், நினைவு மடல் என்று வேறெங்கும் கிடைக்காதவை அங்கே கிடக்கின்றன.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஔவையார் என்று தேடினால் சங்க ஔவையும் ஆத்திசூடி ஔவையும் கைகோத்து வருவார்கள். அகத்தியர் என்று தேடினால் கேட்கவே வேண்டாம், வைத்தியம், சோதிடம், ரசவாதம் என்று பல நூற்றாண்டுச் சுவடிகள் ஒரே முனிவர் தலையில். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்று என்று கயல் எழுதிவிடக்கூடாது. அவள் எழுத மாட்டாள், கெட்டிக்காரி.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அடிகள் நடத்திய ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழில் 1958இல் தமிழில் முதலில் அச்சான நூல்களைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கயல் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இணையத்தில் எனக்குக் கிடைத்த படியில் பாதிப் பக்கங்கள் மங்கல், அடிக்குறிப்பு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் ஊர்க் கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்பார்கள். நீ ஓய்வு பெற்றாலும் அங்கே உன்னை மறந்திருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்து, இருந்தால் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கும் ஒரு படி அனுப்பு. ‘டி’ வரிசையில் இல்லையென்றால் ‘என்’ வரிசையிலும் தேடச் சொல்.

மதினிக்கும் கயலுக்கும் என் அன்பு.

உன்
சண்முகம்